அரைமணிப் பயிற்சியும் மிச்ச நேரமும்: பிசியோதெரபி கேள்வி – பதில்

முதியவர்களையும் கால் அகற்றப்பட்டவர்களையும் கவனித்துக்கொள்ளப் பிசியோதெரபி மாணவர்களை எப்படித் தயார்செய்வது என்று வந்த கேள்விகளில் ஒன்பதை இம்முறை எடுத்திருக்கிறோம். கேட்டவர்களில் ஆசிரியர்கள், மாணவர்கள், நோயாளியின் வீட்டார் எல்லோரும் உண்டு. கேள்விகள் வேறு வேறு என்றாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. மாணவர் நோயாளியோடு இருப்பது நாளில் அரைமணி நேரம். மிச்சமுள்ள 23½ மணி நேரத்தில் அந்த உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதைப் பாடத்திட்டம் அவருக்குப் போதிய அளவு சொல்லித் தருவதில்லை.

ஸ்டம்ப்புக்கு, அதாவது காலை அகற்றியபின் மிஞ்சியிருக்கும் பகுதிக்கு, கட்டுப் போடுவதைச் செய்முறைத் தேர்வில் என் மாணவர்கள் அழகாகச் செய்கிறார்கள். அதே மாணவர் வார்டில் போட்ட கட்டு 2 மணி நேரத்தில் நழுவிவிடுகிறது. தவறு எங்கே?
– பிசியோதெரபி ஆசிரியர்

தேர்வில் எதன்மேல் கட்டச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் சக மாணவரின் மடக்கிய முழங்காலாக இருக்கும். அது கெட்டியானது, நுனியில் எலும்பு உள்ளது, வீக்கமே இல்லாதது. உண்மையான ஸ்டம்ப் நுனியில் தளதளவென்று இருக்கும். காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. ஒரு நீளக் காலுறைக்குள் நடுவில் கட்டையும் சுற்றிலும் பஞ்சும் வைத்து, நுனியில் மட்டும் மெத்தென்ற ஸ்பாஞ்ச் திணித்து ஒரு மாதிரி செய்துகொள்ளுங்கள். தவறான கட்டு அதில் உடனே தெரிந்துவிடும்: இறுக்கிய இடத்துக்குக் கீழே நுனி பல்பு மாதிரி பிதுங்கும்.

முழங்காலுக்குக் கீழான ஸ்டம்ப்புக்கு 10 செ.மீ. அகல எலாஸ்டிக் கிரேப் பேண்டேஜ் ஒன்றோ இரண்டோ போதும். தொடை ஸ்டம்ப்புக்கு 15 செ.மீ. அகலத்தில் இரண்டு, 10 செ.மீ. அகலத்தில் ஒன்று வேண்டியிருக்கும். முழங்கால் நீட்டியபடியே இருக்க வேண்டும். சுற்றுகள் எல்லாம் சாய்வாக, எட்டுப் போடுவதுபோல் போக வேண்டும். குறுக்கே வட்டமாக ஒரு சுற்று போட்டாலும் அது கயிறு கட்டியதற்குச் சமம். இரத்தம் மேலே திரும்ப முடியாமல் நுனி வீங்கும். அழுத்தம் நுனியில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைந்தும் இருக்க வேண்டும். பின்பக்கத் தசையை முன்னால் மடித்துத் தைத்திருக்கும் ஸ்டம்ப்பில் நுனியைக் கடக்கும்போது பின்னாலிருந்து முன்னால் இழுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் தையல் வாயைப் பிளக்கும் பக்கமாக விசை விழும்.

இந்த 'நுனியில் அதிகம், மேலே குறைவு' என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், கண்ணால் காட்டலாம். பேண்டேஜைத் தளர்வாக விரித்து, நீளவாக்கில் 2 செ.மீ., அகலவாக்கில் 3 செ.மீ. இருக்கும்படி பேனாவால் செவ்வகங்கள் வரையுங்கள். பேண்டேஜ் 50 சதவீதம் நீண்டால் செவ்வகம் சதுரமாகிவிடும். கட்டி முடித்ததும் நுனியில் சதுரத்தை நெருங்கியும் மேலே செவ்வகமாகவும் தெரிந்தால் இழுப்பு ஒழுங்காக இறங்கியிருக்கிறது. மேலே சதுரமும் கீழே செவ்வகமும் தெரிந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். கூடவே லாப்லாஸ் விதியையும் சொல்லிவிடுங்கள்: ஒரே இழுப்பில் சுற்றினாலும் வளைவு குறுகிய இடத்தில் அழுத்தம் கூடும். அதனால்தான் முன்னெலும்பின் விளிம்பில் சுற்று ஆழமாகப் பதிகிறது. அங்கே இருபக்கமும் மெல்லிய பஞ்சு வைப்பது எதற்கு என்று மாணவருக்கு அப்போது தானாகப் புரியும்.

இனி, நழுவுவதற்கு வருவோம். முழங்காலுக்குக் கீழான கட்டு, முழங்காலுக்கு மேலே ஒரு சுற்றாவது போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். முழங்கால் சில்லு மட்டும் வெளியே தெரியலாம். தொடைக் கட்டு இடுப்பைச் சுற்றிப் போகாவிட்டால் நிற்கவே நிற்காது, தொடை கூம்பு வடிவம் அல்லவா. அதைக் கட்டும்போது தொடை நேராக இருக்கட்டும், வெளிப்பக்கம் அகன்றுவிடக் கூடாது. கவட்டைப் பக்கம் உள்தொடை முழுவதும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு சதை மடிப்பு வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் பின்னால் சாக்கெட்டின் (செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் கூடு) விளிம்பு அதைத்தான் நசுக்கும். ஊக்கு வேண்டாம், டேப் ஒட்டுங்கள். உணர்ச்சி குறைந்த தோலில் ஊக்கு குத்தியது நோயாளிக்கே தெரியாமல் போகும்.

மதிப்பெண்ணைக் கட்டி முடித்ததும் போட வேண்டாம். மாதிரியை 10 முறை மடக்கி நீட்டச் செய்து, 2 மணி நேரம் கழித்துப் பார்த்துப் போடுங்கள். வார்டிலும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோலைப் பார்த்து, மறுபடி கட்ட வேண்டும். துடிப்பது போன்ற வலியோ தோல் நீலம் பாய்வதோ தெரிந்தால் அந்த நிமிடமே அவிழ்க்க வேண்டும். அந்த 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மாணவர் அங்கே இருக்கப்போவதில்லை. ஆகவே நோயாளியோ வீட்டாரோ தானே கட்டிக் காட்டும்வரை பாடம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடைக் கட்டை வயதானவர் தனியாகக் கட்டிக்கொள்வது நடக்காத காரியம். அவருக்குச் சுருக்க உறை எனப்படும் எலாஸ்டிக் ஷ்ரிங்கர் பொருந்துமா என்று அறுவை மருத்துவரிடம் சீக்கிரமே கேட்டுவிடுவது நல்லது. காலில் இரத்த ஓட்டம் மோசமாக இருந்து கால் போனவர்களுக்கு எவ்வளவு அழுத்தம் தரலாம் என்பதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும்.

ஸ்டம்ப்புக்குக் கீழே தலையணை வைத்தால்தான் நிம்மதியாக இருக்கிறது என்கிறார் என் நோயாளி. வைக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். வலியில் இருப்பவரிடம் எப்படிப் பிடுங்குவது?
– இறுதியாண்டு மாணவி

பிடுங்காதீர்கள். தலையணை எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் வீக்கமும் வலியும்தான் காரணம். இரண்டுக்கும் வேறு வழி உண்டு. கட்டு ஒழுங்காக இருக்கிறதா? பயிற்சிக்கு முன் வலி மருந்து கொடுத்தார்களா? வீக்கத்துக்குக் கால் உயர வேண்டும் என்றால் கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தலாம், முழங்கால் நேராகவே இருக்கும்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்பதை அவரிடமும் சொல்லிவிடுங்கள். முழங்காலுக்குக் கீழ் எடுத்தவர்களுக்கு முழங்காலும் இடுப்பு மூட்டும் மடங்கியபடி இறுகும். தொடையில் எடுத்தவர்களுக்கு இடுப்பு மூட்டு முன்னால் மடங்கி, வெளிப்பக்கம் அகன்று, வெளியே திரும்பி இறுகும். ஆகவே தொடைகளுக்கு நடுவில் தலையணை வைப்பதும் கெடுதல். முழங்கால் 10 டிகிரி மடங்கி நின்றால் சாக்கெட்டைக் கொஞ்சம் சாய்த்துச் சமாளிக்கலாம். 25 டிகிரியைத் தாண்டிவிட்டால் சாதாரணச் செயற்கைக் கால் பொருத்துவதே பாடாகிவிடும். இந்த டிகிரிகள் ஒரு நாளில் ஏறுவதில்லை, சக்கர நாற்காலியில் ஸ்டம்ப் தொங்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகின்றன. நாற்காலியில் ஸ்டம்ப்பை நீட்டியபடி தாங்கும் பலகை இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலைதான்.

ஒரு நாளில் 2 அல்லது 3 முறை, ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடம் குப்புறப் படுக்க வேண்டும், முகம் நல்ல காலின் பக்கம் திரும்பியிருக்கட்டும். மூச்சுத் திணறலோ இதய நோயோ உள்ளவரைக் குப்புறப் போடாதீர்கள். மல்லாந்து படுத்து, நல்ல காலின் முழங்காலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டம்ப்பை மெத்தையோடு அழுத்தி 5 வரை எண்ணச் சொல்லுங்கள், 10 முறை. வாரம் ஒருமுறை மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரால் அளந்து, எண்ணை நோயாளியிடமே சொல்லுங்கள். எண் குறைவதைத் தானே பார்த்தவர் தலையணையைத் தானே ஒதுக்கி வைப்பார்.

ஊன்றுகோல் எந்தக் கையில்? ஒவ்வொரு ஆண்டும் பாதி வகுப்பு தவறாகச் சொல்கிறது.
– ஆய்வகப் பயிற்றுநர்

பலவீனமான அல்லது செயற்கைக் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும், பிடித்து நிற்கும்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கியிருக்கும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். விழாமல் காக்க நிற்கும் மாணவர் செயற்கைக் காலின் பக்கம், அரை அடி பின்னால், ஒரு கை இடுப்புப் பட்டையிலும் மறு கை தோளருகிலும் வைத்து நிற்க வேண்டும். முன்னால் நின்று இரு கைகளையும் பிடித்து இழுத்து நடத்துவதைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். அது நோயாளியின் எடையை முன்னால் கொண்டுவந்து கவிழ்க்கும்.

75 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என் மாணவர்கள் எழுதும் பயிற்சி எல்லாம் 'அரைக் கிலோ எடை, 10 முறை' என்றே இருக்கிறது. அவர்களைக் குறை சொல்வதா, நான் பயப்படுவதா?
– மருத்துவமனைப் பயிற்சி மேற்பார்வையாளர்

பயப்பட வேண்டிய விஷயம்தான். முதியவர்களுக்குக் குறைவான பயிற்சி கொடுப்பது பாதுகாப்பு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அது அவர்களைப் படுக்கையோடு கட்டிவைப்பது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்த ஒரு ஆய்வில் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை கரைந்துபோனது. மறுபக்கம், 1990-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு, ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடையில் 80 சதவீதம் வரை வைத்து 8 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த 9 பேரின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அரைக் கிலோ எழுதும் கை கொஞ்சம் தயங்கும்.

எவ்வளவு என்பதை வயதைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, அளந்து முடிவுசெய்ய வேண்டும். எளிய அளவு, 30 விநாடி நாற்காலிச் சோதனை. 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்து, கைகளை மார்பில் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுகிறார் என்று எண்ணுங்கள். 70 – 74 வயதில் ஆண்கள் 12-க்கும், பெண்கள் 10-க்கும் கீழே போனால் விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள். கைகளை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண்ணிக்கை பூஜ்யம், அதையும் அப்படியே எழுத வேண்டும். 'பாவம்' என்று ஒன்றிரண்டு கூட்டிப் போடுவதை நிறுத்துங்கள்.

அதே நாற்காலியையே பயிற்சியாகவும் வைத்துக்கொள்ளலாம். 8 முதல் 12 முறைக்குள் 'இனி இரண்டோ மூன்றோதான் முடியும்' என்ற நிலை வரவேண்டும். 15 முறை சிரித்துக்கொண்டே எழுந்தால் இருக்கையைத் தாழ்த்துங்கள், அல்லது உட்காரும் வேகத்தைக் குறைத்து 3 விநாடி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு கையில் எடை கொடுங்கள். வாரம் 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பை நம்பக் கூடாது, அது வழக்கமான அளவுக்கு ஏறாது. 0 முதல் 10 வரை எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டு, 5 முதல் 7-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு எழுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்; சத்தமாக எண்ணச் சொன்னால் அடக்க முடியாது.

தொடங்குவதற்கு முன் ஒரு வேலையைத் தவிர்க்கவே முடியாது. 5 நிமிடம் படுக்கவைத்து இரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் 1 நிமிடத்தில் ஒருமுறை, 3 நிமிடத்தில் ஒருமுறை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அன்றைக்கு நிற்கும் பயிற்சி வேண்டாம், மருத்துவருக்குச் சொல்லுங்கள். தலைசுற்றல் இருக்கிறதா என்று வெறுமனே கேட்டுவிட்டு விடுவதால் பயனில்லை, எண் குறைந்தும் தலை சுற்றாதவர்கள் நிறையப் பேர்.

சமநிலைப் பயிற்சியில் இன்னொரு தவறு நடக்கிறது. மாணவர் பயத்தில் நோயாளியின் கையை விடுவதே இல்லை. கையைப் பிடித்திருக்கும்வரை நோயாளியின் கணுக்காலும் இடுப்பும் வேலை செய்யாது. நிற்பது மாணவரின் கை. அறையின் மூலையில், சுவர் இருபக்கமும் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நிற்கவைத்து, முன்னால் ஒரு நாற்காலியின் முதுகை வைத்து, உங்கள் கையைத் தொடாமல் பக்கத்தில் வைத்திருங்கள்.

புதிதாகச் செயற்கைக் கால் போட்டவரின் முதல் வாரத்தில் மாணவர் எதைப் பார்க்கத் தவறுகிறார்?
– பிசியோதெரபிஸ்ட்

நடையையே பார்த்துக்கொண்டிருப்பார், தோலைப் பார்க்க மாட்டார். முதல் நாள் 10 நிமிடம் நின்று நடந்ததும் காலைக் கழற்றச் சொல்ல வேண்டும். கைக்கண்ணாடி வைத்து நுனியையும் பின்பக்கத்தையும் நோயாளியே பார்க்கட்டும். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண், முன்னெலும்பின் உள்பக்கச் சரிவு, பின்பக்கத் தசை ஆகியவை எடையைத் தாங்கும் இடங்கள், அங்கே சிவப்பது இயல்பு. வெளிப்பக்கம் ஃபிபுலா எலும்பின் தலை, முன்னெலும்பின் விளிம்பு, அது முடியும் நுனி ஆகியவை தாங்காது. எந்த இடத்தில் சிவந்தாலும் 10 நிமிடத்தில் மறைய வேண்டும், மறையாவிட்டால் அன்றைக்கு மறுபடி போடக் கூடாது. கருமையான தோலில் சிவப்புக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நிறம் ஆழமாகியிருக்கிறதா, புறங்கையை வைத்தால் சூடாக இருக்கிறதா, கல்லுப்போல் கெட்டியாகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கப் பழக்க வேண்டும். வெள்ளைத் தோலின் படங்களை மட்டும் பார்த்துப் படித்த மாணவர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்.

முதல் நாள் மொத்தம் 1 மணி நேரம் போதும், அதிலும் பாதி உட்கார்ந்தபடி. தோல் நன்றாக இருந்தால் நாளுக்கு 1 மணி நேரம் கூட்டலாம்.

அடுத்தது, சாக்கெட்டுக்குள் ஸ்டம்ப்பின் மேல் போடும் ஸ்டம்ப் சாக்ஸ். இதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தாலே பாதி நடைக்கோளாறு போய்விடும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஸ்டம்ப் முதல் ஓராண்டில் தொடர்ந்து சுருங்கும், ஒரே நாளுக்குள்ளும் காலைக்கும் மாலைக்கும் மாறும். சுருங்கினால் சாக்கெட்டுக்குள் ஆழமாக இறங்கும். முழங்கால் சில்லின் கீழ்முனை இடிபடும், நுனி அடியில் மோதி வலிக்கும், 'கால் குட்டையாகிவிட்டது' என்பார். சாக்ஸ் கூட்ட வேண்டும். மாறாக, 'கால் நீளமாக இருக்கிறது, உள்ளே போகவே மாட்டேன் என்கிறது' என்றால் சாக்ஸ் கூடிப்போயிற்று அல்லது கால் வீங்கியிருக்கிறது. அப்போது நுனி எதையும் தொடாமல் தொங்கும். அப்படியே பல நாள் நடந்தால் நுனித் தோல் தடித்து மரு மாதிரி சொரசொரப்பாகிவிடும். சாக்ஸ் 1, 3, 5 ப்ளை (தடிமனைக் குறிக்கும் அளவு) எனப் பல தடிமனில் வரும். ஒரே நேரத்தில் ஒரு ப்ளை மட்டும் கூட்டி, 10 நிமிடம் நடந்து பார்த்து, பிறகு அடுத்தது. மொத்தம் 10 முதல் 15 ப்ளை வரை போய்விட்டால் சாக்கெட்டையே மாற்றுவது பற்றிச் செயற்கைக் கால் பொருத்துநரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. எத்தனை ப்ளை, எத்தனை மணிக்கு மாற்றினார் என்று ஒரு சிறு நோட்டில் நோயாளியே எழுதி வைக்கட்டும்.

நடையில் கோளாறு தெரிந்தால் மாணவர் உடனே காலின் மீது பழி போடுவார், பொருத்துநர் உடம்பின் மீது போடுவார். ஒரு வரிசை வைத்துக்கொண்டால் சண்டை வராது. முதலில் சாக்ஸ், பிறகு செருப்பு, பிறகு உடம்பு, கடைசியாகத்தான் காலின் அமைப்பு. உடம்பைச் செயற்கைக் கால் பக்கம் சாய்த்து நடக்கிறார் என்று வையுங்கள். கால் குட்டையா என்று இடுப்பெலும்பின் இருபக்க உயரத்தைத் தொட்டுப் பாருங்கள். சமமாக இருந்தால் இடுப்பின் வெளிப்பக்கத் தசைக்கு வலு இருக்கிறதா. அதுவும் இருந்தால் கவட்டையில் சாக்கெட் விளிம்பு குத்துகிறதா. எதுவும் இல்லையென்றால் எடையை அந்தக் காலில் போட இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. செருப்பை மறக்கவே கூடாது. பொருத்தும்போது போட்டிருந்ததைவிடக் குதிகால் உயரமான செருப்பு போட்டால் முழங்கால் முன்னால் தள்ளப்பட்டு மடங்கப் பார்க்கும். தாழ்ந்தது போட்டால் பின்னால் தள்ளும், மேட்டில் ஏறுவது மாதிரி இருக்கும். வீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பதும் குதிகாலைத் தாழ்த்துவதுதான். அதையும் பயிற்சி அறையிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இல்லாத கால்விரல் எரிகிறது என்று நோயாளி சொல்லும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டேன்.
– மூன்றாமாண்டு மாணவர்

'நிஜமாகவே வலிக்கிறது, கால் போனவர்கள் பலருக்கும் வருவதுதான், உங்கள் மனம் தடுமாறவில்லை.' இதைச் சொன்னால் போதும், பாதிப் பாரம் இறங்கிவிடும். சொல்ல வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம். 16-ஆம் நூற்றாண்டிலேயே அம்ப்ரோஸ் பாரே என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். 'பேண்டம் லிம்ப்' (மாய உறுப்பு) என்று பெயர் வைத்தவர் சைலஸ் வெயர் மிட்செல், 1871-ல்.

பிறகு மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். கால் இருப்பதுபோல் தோன்றுவது மட்டுமா? அது பேண்டம் உணர்வு, வலியில்லை என்றால் மருந்து வேண்டாம். இல்லாத காலில் எரிச்சலோ முறுக்கலோ இருக்கிறதா? அது பேண்டம் வலி. இருக்கும் ஸ்டம்ப்பிலேயே வலியா? அப்படியானால் காயம், கிருமி, சாக்கெட் அழுத்தம், நரம்பு முடிச்சு என்று தேட வேண்டும். ஓரிடத்தில் விரலால் தட்டினால் மின்சாரம் பாய்ந்தது போலிருந்தால் நரம்பு முடிச்சாக இருக்கலாம்.

பேண்டம் வலிக்குக் கண்ணாடிச் சிகிச்சையை 1990-களில் அறிமுகப்படுத்தியவர் வி. எஸ். ராமச்சந்திரன். கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, முழுக்கால் நீளக் கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவில், நல்ல காலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். ஸ்டம்ப் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். நல்ல காலில் காலுறையோ அணிகலனோ இருக்கக் கூடாது, அவை பிம்பத்தின் மாயையைக் கெடுக்கும். கணுக்காலை மெதுவாக மேலே, கீழே. விரல்களை மடக்கி, விரித்து. மனதில் இரு கால்களையும் சேர்த்தே அசைக்க வேண்டும். நாளுக்கு 15 நிமிடம், 4 வாரம். எல்லோருக்கும் பலிக்காது. முதல் தடவை இரண்டு கால்களையும் பார்த்ததும் சிலர் அழுதுவிடுவார்கள், சிலருக்குத் தலைசுற்றும். கண்ணாடியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். 15 நிமிடத்தை முடித்தே ஆக வேண்டும் என்று இல்லை.

இன்னொன்று. தூக்கக் கலக்கத்தில் கால் இருப்பதாகவே நினைத்து எழுந்து அடியெடுத்து வைத்து, தையல் போட்ட ஸ்டம்ப்பின் மேலேயே விழுபவர்கள் உண்டு. எழுந்திருக்கும் பக்கத்தில் சக்கர நாற்காலியைப் பிரேக் போட்டு, கட்டிலை ஒட்டி நிறுத்திவிட்டுப் போங்கள். காலை ஊன்றும் முன் கை அதில் படும்.

முதுமையை உணரவைக்கும் எடை உடுப்பும் மங்கல் கண்ணாடியும் வாங்கலாமா? மாணவர்களுக்குப் பரிவு வருமா?
– துறைத் தலைவர்

ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்த மாணவருக்கு முதுமை என்றாலே பயங்கரம் என்ற எண்ணம்தான் மிஞ்சும் ஆபத்து இருக்கிறது. முதியவர் பல ஆண்டுகளாக அந்த உடம்போடு பழகி, தனக்கென்று வழிகள் கண்டுபிடித்து வைத்திருப்பவர். திடீரென்று மாட்டிக்கொண்டவர் அல்லர். வாங்கினால் பரிவுக்காக என்று இல்லாமல், வேலைக்காக வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு உங்கள் துறையின் கழிப்பறை, படி, பதிவு மேசை, மருந்துச் சீட்டின் எழுத்து எல்லாவற்றையும் மாணவர் சோதித்து, எதை மாற்ற வேண்டும் என்று எழுதித் தரட்டும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை, கால் இழந்து நன்றாக நடப்பவர்களையும், செயற்கைக் கால் வேண்டாமென்று சக்கர நாற்காலியைத் தேர்ந்துகொண்டவர்களையும் ஆசிரியர்களாக அழைத்துச் சம்பளம் கொடுக்கச் செலவிடுங்கள். அவர்களைக் காட்சிப்பொருளாக உட்காரவைக்க வேண்டாம். மாணவரின் கைவேலைக்கு அவர்கள் மதிப்பெண் போடட்டும். 'கை குளிர்ந்திருந்தது, கேட்காமல் ஸ்டம்ப்பைத் தொட்டாய்' என்று அவர் சொன்னால் மாணவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

பேச்சையும் தனியாகப் பயிற்சி கொடுத்துப் பழக்க வேண்டும். துணைக்கு வந்தவரைப் பார்த்து 'இவருக்கு வலி இருக்கிறதா?' என்று கேட்பது, குழந்தையிடம் பேசுவதுபோல் ராகம் போடுவது, எப்படி அழைக்கலாம் என்று கேட்காமல் தானாக ஒரு உறவுமுறை சூட்டுவது, இவையெல்லாம் மதிப்பெண் குறைய வேண்டிய தவறுகள். காது மந்தமானவரிடம் கத்தினால் குரல் கீச்சென்று உயரும். வயதில் முதலில் போவது உயர்ந்த சுருதியின் ஒலிதான். வெளிச்சம் முகத்தில் விழும்படி நின்று, குரலைத் தாழ்த்தி, நிதானமாகப் பேச வேண்டும். கேள்வி கேட்டால் மனதுக்குள் 5 வரை எண்ணிவிட்டே அடுத்த வார்த்தை. நினைவு மங்கியவருக்கு ஒரு நேரத்தில் ஒரே கட்டளை: 'முன்னால் வாங்க.' செய்தபின், 'எழுந்திருங்க.'

சர்க்கரை நோயில் என் அப்பாவின் வலது கால் போய்விட்டது. பயிற்சி மாணவர் இடது காலால் வாக்கரில் குதித்துக் குதித்து நடக்கச் சொல்கிறார். சரியா?
– நோயாளியின் மகள்

கொஞ்ச தூரத்துக்கு, காலணி போட்டுக்கொண்டு, பாதம் நன்றாக இருந்தால் மட்டும். ஒரு காலை எடுத்த அதே நோய் மறு காலிலும் இருக்கிறது என்பதை மறந்தால் அதையும் இழக்க நேரிடும். ஒவ்வொரு குதியும் முன்பாதத்தின் ஒரே இடத்தில் முழு உடல் எடையையும் இறக்குகிறது. இதயத்துக்கும் வேலை அதிகம். இரத்த ஓட்டம் குறைந்ததால் கால் இழந்தவர், செயற்கைக் காலோடு நடக்கவே முழங்காலுக்குக் கீழ் என்றால் சுமார் 40 சதவீதம் கூடுதல் சக்தி செலவிடுகிறார், தொடை என்றால் சுமார் இரண்டு மடங்கு. நீண்ட தூரத்துக்குச் சக்கர நாற்காலியே நல்லது, அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாணவர் காலுறையைக் கழற்றி இடது பாதத்தைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். விரலிடுக்கு, குதிகால், முன்பாதம். 10 கிராம் மோனோஃபிலமென்ட் எனப்படும் மெல்லிய நைலான் இழையின் நுனி தொடுவது தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்குக் காயம்படாமல் காக்கும் உணர்வு போய்விட்டது. இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்றால் பயிற்சிக்கு முன் சர்க்கரை அளவையும் கேட்க வேண்டும்; 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்த பிறகுதான் மற்றது.

விழாமல் இருக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். விழுந்தபின் எழுவதைப் பாடத்தில் எங்கே வைப்பது?
– பிசியோதெரபி ஆசிரியர்

முன்னாலேயே வையுங்கள். எழத் தெரியாததால் தரையில் 1 மணி நேரத்துக்கு மேல் கிடப்பவருக்குத் தசை சிதைவு, படுக்கைப் புண், நீரிழப்பு என்று விழுந்ததைவிடப் பெரிய கேடு வரும்.

இதைக் கடைசிப் படியில் தொடங்கிப் பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது எளிது. முதல் நாளே தரையில் படுக்கவைத்தால் முதியவர் பயந்துவிடுவார். நாற்காலியில் உட்கார்ந்தவரை முதலில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றவைத்து, இருக்கையில் கை அழுத்தி, வலுவான காலை முன்னால் தட்டையாக வைத்து எழச் செய்யுங்கள். அது வந்ததும் இரு முழங்கால்களும் தரையில். பிறகு கைகளும். பிறகு ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி எழுவது. மல்லாந்து கிடப்பதிலிருந்து புரள்வது கடைசி நாள்தான். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு முழங்காலுக்குக் கீழே மெத்தை போட மறக்காதீர்கள்.

செயற்கைக் கால் போட்டிருக்கிறவர் நல்ல காலைத்தான் முன்னால் ஊன்ற வேண்டும். கால் போடாதிருக்கும்போது விழுந்தால் முழங்கால் வழி சரிவராது. முதுகை நாற்காலிப் பக்கம் வைத்து உட்கார்ந்து, 15 முதல் 20 செ.மீ. உயரப் பலகை ஒன்றைப் பின்னால் வைத்து, இரு கைகளையும் ஊன்றி, நல்ல காலால் உந்தி முதலில் பலகைக்கு, அங்கிருந்து நாற்காலிக்கு. அந்த நாற்காலி பின்னால் நகராதபடி சுவரில் முட்டியிருக்க வேண்டும். எழ முயலும் முன் எங்காவது வலிக்கிறதா, நல்ல கால் குட்டையாகியோ வெளியே திரும்பியோ கிடக்கிறதா என்று பார்ப்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். அப்படிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம், யாரும் தூக்கக் கூடாது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாலும் உடனே நிற்கவைக்காமல் இரத்த அழுத்தத்தைப் பார்த்து, ஸ்டம்ப்பின் நுனியை ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.